கூச்சலும் கிரீடமும்

2015 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் ‘நோ ஹோம் மூவி’ என்ற ஆவணப்படம் திரையிடப்பட்டது. பெல்ஜிய இயக்குநர் ஷாந்தல் அகெர்மான், பிரஸ்ஸல்ஸ் நகரத்து அடுக்ககம் ஒன்றில் வாழ்ந்த தன் வயதான அம்மாவைப் பற்றி எடுத்த படம் அது. பத்திரிகையாளர்களுக்கான காட்சியில் சிலர் கூச்சலிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1,600க்கும் மேற்பட்ட விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு, உலகின் தலைசிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. முதலிடத்தில் இருந்தது அதே அகெர்மான் தன் 24ஆவது வயதில் எடுத்த ‘ழான் டியெல்மன்’ என்ற கதைப்படம். 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அந்தப் பட்டியலில், ஒரு பெண் இயக்கிய படம் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

கிரீடம் வந்தபோது தலை இல்லை. 2015 அக்டோபர் 5 அன்று பாரிஸில் அகெர்மான் இறந்துவிட்டார். வயது 65. தற்கொலை என்று பிரெஞ்சு நாளேடுகள் எழுதின.

இந்த மூன்று செய்திகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் தானாகவே ஒரு கதை உருவாகிவிடும்: மேதையை உலகம் புரிந்துகொள்ளவில்லை, அவமதித்தது, அவள் போனபின் அழுது மாலை போட்டது. பல கட்டுரைகள் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. கூச்சலிட்டவர்களும் கிரீடம் சூட்டியவர்களில் பலரும் செய்தது ஒரே வேலை என்பது என் கட்சி. இரு தரப்பும் படத்தை விட்டுவிட்டு, படம் எடுத்தவளைப் பற்றிப் பேசின. சொந்த வீட்டை, சொந்த அம்மாவை எடுக்கும் ஆவணப்படங்களுக்கு விமர்சனம் செய்யும் பெரிய அநியாயம் இதுதான்.

அகெர்மானின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம். அம்மா நதாலியா நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அவருடைய பெற்றோர் மீளவில்லை. முகாமைப் பற்றி அம்மா வீட்டில் வாயே திறந்ததில்லை. மகள் பதினைந்து வயதில் இயக்குநர் கோதாரின் ‘பியரோ லெ ஃபூ’ படத்தைப் பார்த்துவிட்டு, இனி சினிமாதான் என்று முடிவெடுத்தாள். திரைப்படப் பள்ளியில் சேர்ந்து சில மாதங்களிலேயே வெளியேறி, 1968இல் ஒரு சமையலறைக்குள் பதின்மூன்று நிமிடக் குறும்படம் எடுத்தாள். நடித்ததும் அவளே. 1971இல் நியூயார்க் போனாள். அங்கே சில்லறை வேலைகள் செய்து வாழ்ந்தபடி, கதை சொல்லாத சினிமா எடுத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களைப் பார்த்துப் பழகினாள். அப்போது அம்மா பிரஸ்ஸல்ஸிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

1976இல் திரும்பவும் நியூயார்க் சென்று எடுத்து, 1977இல் வெளியான ‘நியூஸ் ஃப்ரம் ஹோம்’ அந்தக் கடிதங்களால் ஆன படம். திரையில் அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. நியூயார்க்கின் சந்துகள், கார் நிறுத்துமிடங்கள், சுரங்க ரயிலின் பெட்டிகள், நடைமேடையில் நிற்கும் முகங்கள். ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த். இந்தக் காட்சிகளின் மேல் மகளின் குரல் அம்மாவின் கடிதங்களை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துக்கொண்டே போகும். கடையில் வியாபாரம் மந்தம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பணம் அனுப்பியிருக்கிறேன், யாருக்கோ நிச்சயதார்த்தம், நீ ஏன் பதில் எழுதவில்லை. ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கிப் படித்த எந்த மகளும் இந்தக் கடிதத்தைப் பெற்றிருப்பாள். நானும் பெற்றிருக்கிறேன், திருநெல்வேலி முத்திரை குத்திய நீல நிற இன்லேண்ட் கவரில்.

படத்தின் சூட்சுமம் ஒலியில் இருக்கிறது. கார் கடந்தால் கடிதத்தின் பாதி வரி காணாமல் போகும். ரயில் வந்தால் அம்மாவின் வேண்டுதல் முழுவதும் அதன் இரைச்சலில் அமுங்கிவிடும். படத்தைப் பார்க்கிறவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அந்த அம்மாவின் குரலைப் பிடிக்கத் தவிப்பார். மகள் செய்யாததை, அதாவது அம்மா சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதை, நம்மைச் செய்யவைக்கிறார் இயக்குநர். மகள் எழுதிய பதில்கள் எதுவும் படத்தில் இல்லை. கடைசி ஷாட்டில் கேமரா ஒரு படகில் இருக்கிறது. மன்ஹாட்டன் பத்து நிமிடம்போல மெல்ல மெல்லப் பின்வாங்கி மூடுபனிக்குள் போகிறது. ஊர் திரும்புகிறாளா இல்லையா என்று படம் சொல்வதில்லை.

இதில் ‘அம்மா பாசம்’ எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒலிக்கலவையில் இருக்கிறது என்பேன். விமர்சகர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது அதைத்தான்.

இனி ‘நோ ஹோம் மூவி’. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்தது. ‘நியூஸ் ஃப்ரம் ஹோம்’ படத்தில் எழுத்தாக மட்டும் இருந்த அம்மா இதில் முகமாகவும் குரலாகவும் வருகிறார். சின்னக் கைக்கேமராக்களிலும் பிளாக்பெர்ரி போனிலும் ஏறக்குறைய 40 மணி நேரம் எடுத்திருந்ததை, தன்னோடு முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றிய படத்தொகுப்பாளர் கிளேர் ஆதர்டனுடன் உட்கார்ந்து 115 நிமிடங்களாகக் குறைத்தார். அம்மா 2014 ஏப்ரலில் இறந்துவிட்டார்.

முதல் ஷாட் வீடே இல்லை. பாலைநிலத்தில் ஒரு ஒற்றை மரம். காற்று அதைப் போட்டு உலுக்குகிறது. நிமிடங்கள் போகின்றன. வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்து பிரஸ்ஸல்ஸ் வீடு. கேமரா ஒரு மூலையில், மேசை மேல், கதவோரம் வைக்கப்பட்டிருக்கிறது. அம்மா அறைக்குள் வருவார், சட்டகத்தைவிட்டுப் போவார். கேமரா பின்தொடராது. சமையலறையில் அம்மாவும் மகளும் உருளைக்கிழங்கு சாப்பிட்டபடியே பழைய கதை பேசுவார்கள்: போலந்தை விட்டுக் குடும்பம் கிளம்பியது, பெல்ஜியத்தில் போய் இறங்கியது. ஒரு வரலாற்றுப் பேரழிவு உப்பு, மிளகுத்தூளுக்கு நடுவே வந்துபோகும். அம்மா முகாமில் இருந்தவர் என்பதை மகள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லும் காட்சியும் உண்டு. அம்மாவோ அதைப் பற்றித் தானாகப் பேசுவதில்லை.

பிறகு ஸ்கைப் காட்சி. மகள் அமெரிக்காவில், அம்மா பிரஸ்ஸல்ஸில். இரண்டு பேரும் விடைபெறத் தெரியாமல் திரும்பத் திரும்பக் கொஞ்சிக்கொள்வார்கள். மகள் கணினித் திரையையே கேமராவில் பிடிப்பார். எதற்கு இதையெல்லாம் எடுக்கிறாய் என்று அம்மா கேட்பார். உலகத்தில் இனி தூரம் என்று ஒன்று இல்லை என்று காட்டத்தான் என்பதுபோல மகள் பதில் சொல்வார். சொல்லிக்கொண்டே கேமராவை நெருக்கிக்கொண்டு போவார். அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடையும். வாய் ‘தூரம் இல்லை’ என்கிறது. கேமரா ‘இருக்கிறது’ என்கிறது. என் அம்மா வாட்ஸ்அப்பில் பேசும்போது எனக்குத் தெரிவதெல்லாம் அவருடைய நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான். ஆனால் அதைச் சினிமா ஆக்குவது எப்படி என்பதை இந்தக் காட்சியில்தான் பார்த்தேன்.

இந்தப் படத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் எல்லாம் பழகியவைதான். தன்னையே பார்த்துக்கொள்ளும் படம், வீட்டு வீடியோ, யாருக்கு வேண்டும் இன்னொருத்தர் அம்மா? நானும் நண்பர்களும் மதுரையில் நடத்தும் சின்னத் திரையிடலில் இந்தப் படத்தைப் போட்டோம். ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, “மேடம், போனை மேசைமேல வச்சா இந்தப் படத்தை நானும் எடுப்பேன்” என்றார். அரங்கில் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திரும்பிப் பார்த்து, “எடு தம்பி. ஆனா அந்தப் பொண்ணு சாப்பாட்டு மேசையில எத்தனை நேரம் எந்திரிக்காம உக்காந்திருக்கான்னு பாத்தியா? எங்க அம்மாகூட நான் அவ்வளவு நேரம் உக்காந்ததில்ல” என்றார்.

இரண்டு பேச்சையும் நான் மதிக்கிறேன். ஆனால் விமர்சகராக நான் எடுத்துக்கொள்ள வேண்டியது மாணவருடைய கேள்வியைத்தான். அது படத்தின் வேலைப்பாட்டைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியும். போனை மேசைமேல் யாரும் வைக்கலாம். எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் வெட்டுவது? அம்மா சட்டகத்தைவிட்டுப் போனபின் வெறும் அறையை எவ்வளவு நேரம் காட்டுவது? வீட்டுக்குள் இருக்கும் காட்சிகளுக்கு நடுவே அந்தப் பாலைநிலத்தை எங்கெங்கே செருகுவது? 40 மணி நேரத்தில் 38 மணி நேரத்தைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் எதைப் போடுவது? படம் முன்னேற முன்னேற அம்மாவின் உடம்பு குறுகுகிறது, பேச்சு குறைகிறது, அறைகள் பெரிதாகின்றன. யாரும் இதை வாயால் சொல்வதில்லை. வெட்டும் வரிசையும் சொல்கின்றன. வீட்டு வீடியோவில் இது நடக்காது. அங்கே எல்லாரும் கேமராவைப் பார்த்துக் கையசைப்பார்கள்.

லோகார்னோவில் கூச்சலிட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. விழாக்களில் ஒரு நாளைக்கு நான்கைந்து படம் பார்க்கிறவர்களுக்கு நான்கு நிமிட மரம் எரிச்சல் மூட்டும். என் மனதைத் தொந்தரவு செய்வது அக்டோபருக்குப் பிறகு வந்த பாராட்டுகள்.

அகெர்மான் இறந்த அதே வாரம் நியூயார்க் திரைப்பட விழாவில் ‘நோ ஹோம் மூவி’ திரையிடப்பட்டது. அன்றிலிருந்து அந்தப் படம் ‘கடைசிக் கடிதம்’ ஆகிவிட்டது. உலுக்கப்படும் மரம் அவருடைய மனநிலையின் குறியீடு ஆனது. கடைசியில் மகள் ஷூ கயிற்றைக் கட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியேறும் காட்சி முன்னறிவிப்பு ஆனது. அம்மா இல்லாமல் மகளால் வாழ முடியவில்லை என்று பலர் எழுதினார்கள். இதையெல்லாம் எழுதியவர்கள் அன்பாகத்தான் எழுதினார்கள். ஆனால் ஆகஸ்டில் அதே மரம் அதே நான்கு நிமிடம் அசைந்துகொண்டிருந்தது. ஒரு ஷாட்கூட மாறவில்லை. மாறியது பார்த்தவர்களின் மரியாதை மட்டும். சாவு வந்து சான்றிதழ் கொடுத்தால்தான் ஒரு ஷாட்டுக்குப் பொருள் உண்டாகும் என்றால், அந்த விமர்சனம் ஷாட்டைப் பார்க்கவே இல்லை.

ஒரு மனுஷி ஏன் இறந்தாள் என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. தற்கொலை என்பது கதையின் உச்சக்கட்டம் அல்ல. அப்படிச் சொல்வது இறந்தவருக்கும் அநியாயம், படத்துக்கும் அநியாயம். துக்கம் தேடி உள்ளே வருகிறவர்கள் இந்தப் படத்தில் இருக்கும் சிரிப்பைத் தவறவிடுகிறார்கள். அந்த அம்மா குறும்புக்காரி. ஸ்கைப்பில் மகளின் முகத்தைப் பார்த்தவுடன் அவர் முகம் விரிவதைப் பாருங்கள். 2013இல் அகெர்மான் அம்மாவைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘என் அம்மா சிரிக்கிறாள்’ என்பதுதான்.

இதற்குப் பின்னால் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. அகெர்மான் எடுத்த மற்ற ஆவணப்படங்களை விமர்சகர்கள் எப்படி அணுகினார்கள் என்று பாருங்கள். 1993இல் வந்த ‘தெஸ்ட்’, சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு முன்னாள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து மாஸ்கோ வரை போன பயணம். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. பனியில் பேருந்துக்கு நிற்கும் மனிதர்களைக் கேமரா பக்கவாட்டில் நகர்ந்து கடந்துகொண்டே இருக்கும். 1999இன் ‘சூத்’, டெக்சாஸ் மாநிலத்தின் ஜாஸ்பர் ஊரில் 1998இல் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றதைப் பற்றியது. கடைசியில், அவர் இழுத்துச் செல்லப்பட்ட சாலையில் கேமரா நீண்ட நேரம் மௌனமாகப் போகும். 2002இன் படம் மெக்சிகோ எல்லையைக் கடப்பவர்களைப் பற்றியது. இவற்றுக்கு எழுதப்பட்ட கட்டுரைகளில் ஷாட்டின் நீளம், நகர்வு, வரலாறு, அரசியல் எல்லாம் அலசப்பட்டன. அம்மா படம் என்று வந்ததும் பல பேனாக்கள் அன்பு, இழப்பு, பிரிவு என்று மூன்று சொற்களுக்குள் சுருண்டுவிட்டன.

ஆனால் இரண்டும் ஒரே கைவேலை. ‘தெஸ்ட்’ படத்தின் வரிசைகளில் நிற்பவர்களைப் பார்க்கும்போது தனக்குள் கிடந்த பழைய படிமங்கள், முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் படிமங்கள், மேலே வந்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அம்மா பேசாத விஷயம் மாஸ்கோ பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. ஐரோப்பாவின் வரலாறு பிரஸ்ஸல்ஸ் சமையலறையில் உருளைக்கிழங்கு தின்கிறது. வீதியை எடுத்தால் அரசியல், வீட்டை எடுத்தால் உணர்ச்சி என்று பிரித்துவைத்த விமர்சகர்களின் அலமாரியில் இந்தப் படங்கள் அடங்காது.

முதலிடம் கொடுத்ததிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘ழான் டியெல்மன்’ அந்த இடத்துக்குத் தகுதியான படமா என்றால், ஆம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாட்களை 201 நிமிடங்களில், சமையல், படுக்கை, பாத்திரம், வாடிக்கையாளர் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கடைசியில் நம் வயிற்றைக் கலக்கும் படம் வேறு இல்லை. ஆனால் முடிவு வெளிவந்த மறுநாளே பேச்சு முழுக்க வேறு திசைக்குப் போனது. 2012 பட்டியலில் 36ஆவது இடத்தில் இருந்தது எப்படி ஒரே தாவலில் முதலுக்கு வந்தது என்று அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடர் கேள்வி எழுப்பினார். இது காலத்தின் அரசியல் என்று ஒரு தரப்பு, இது காலம் தாழ்ந்த நீதி என்று இன்னொரு தரப்பு. வாதிட்டவர்களில் எத்தனை பேர் அந்த மூன்றரை மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். தன்னைப் பெண் இயக்குநர் என்றோ வேறு எந்தப் பெட்டிக்குள்ளோ அடைப்பதை அகெர்மான் வாழ்நாள் முழுக்க மறுத்தார். கிரீடமும் ஒரு பெட்டிதான். கொஞ்சம் பளபளப்பான பெட்டி.

எதிர்வாதம் ஒன்றுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். நோயில் தளரும் ஒரு கிழவியை, அவருடைய இருமலையும் தூக்கக் கலக்கத்தையும் உலகத்துக்குக் காட்டுவது சரியா? இது நேர்மையான கேள்வி. சொந்த வீட்டை எடுக்கும் ஒவ்வொரு படமும் இந்தக் கேள்விக்கு ஆளாக வேண்டும். அம்மா என்பதற்காக மகளுக்கு விலக்கு கிடையாது. என் கணிப்பில் அகெர்மான் பெரும்பாலும் தப்பிக்கிறார், கேமராவின் தூரத்தால். அம்மா ஆக மோசமாக இருக்கும் நேரத்தில் கேமரா பக்கத்து அறையில் நிற்கிறது. கதவின் இடைவெளியில் கொஞ்சம்தான் தெரிகிறது. அம்மாவின் மரணம் படத்தில் இல்லை. ஆனால் ஒரு காட்சியில் அம்மாவைத் தூங்கவிடாமல் பேச்சுக்கொடுக்கும் இடம் எனக்கு உறுத்துகிறது. அதுபோல, பாலைநிலக் காட்சிகளில் ஒன்றிரண்டு வேண்டிய நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. இதையும் எழுத வேண்டும். இப்படிக் குறை சொல்வது அவரைக் கலைஞராக நடத்துவது. ‘ஐயோ பாவம்’ என்பது அப்படி நடத்த மறுப்பது.

நம் ஊரில் இது ஏன் முக்கியம்? தமிழில் ஆவணப்படம் என்றால் ஒரு பிரச்சினை, ஒரு போராட்டம், ஒரு ஆளுமை என்றே பழகியிருக்கிறோம். அப்படங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்போது கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் பாட்டியை, அப்பாவின் மூடிய கடையை, பிரிந்துபோன வீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் திரையிடலுக்கு வருகிறார்கள். படம் முடிந்ததும் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டே எதிர்வினை. “இதுல சமூகத்துக்கு என்ன கருத்து?” அல்லது “எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி.” முதலாவது அவர்களை விரட்டுகிறது. இரண்டாவது அவர்களைக் கெடுக்கிறது. அடுத்த படத்திலும் அழவைக்கப் பார்ப்பார்கள்.

இதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை எளிமையானவை. கேமராவை ஏன் அங்கே வைத்தாய்? அந்த ஷாட்டை ஏன் அப்போது வெட்டினாய்? பாட்டி வேண்டாம் என்று சொன்ன இடம் எது, அதை என்ன செய்தாய்? எதை எடுத்தும் போடாமல் விட்டாய்? இந்த நான்குக்கும் பதில் வைத்திருக்கிற பிள்ளை இயக்குநர். பதில் இல்லாத பிள்ளை வீட்டு வீடியோ எடுத்திருக்கிறது. அதிலும் தவறில்லை, குடும்பத்தோடு பார்க்கலாம். எது எது என்று அவர்களுக்குச் சொல்வதுதான் எங்கள் வேலை.

எங்கள் திரையிடலில் ‘நானும் எடுப்பேன்’ என்ற மாணவரிடம், எடுத்துக்கொண்டு வாருங்கள், போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் கொண்டுவரும் நாளில் அவருடைய அம்மா எப்படிப்பட்டவர் என்று நான் கேட்கப்போவதில்லை. எந்த இடத்தில், ஏன் வெட்டினார் என்றுதான் கேட்பேன்.